எழுபது சதுரம், ஒரே போர்வை

வீட்டில் அவளுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். அப்பா வைத்தது. “சாப்பிட வா” என்றால் “இப்பவே ஏன்?” என்பாள். “தூங்கு” என்றால் “தூக்கம் வந்தா தூங்குவேன்” என்பாள். வயது பத்து.

அன்று அவள் எதிர்த்து நின்றது மருத்துவமனைக் காவலாளியை.

“பன்னிரண்டு வயசுக்குக் கீழ மேல போகக் கூடாதும்மா” என்றார் அவர், மாடிப்படியை மறித்துக்கொண்டு.

“என் தம்பிக்கு ஏழு வயசு. அவன் மட்டும் மேல இருக்கான்?”

“அவன் கால் உடைஞ்சு போயிருக்கான்.”

“அப்ப நானும் உடைச்சுக்கணுமா?”

காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் வழி விடவில்லை. அவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாலையில் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் தம்பியின் போர்வை இருந்தது.

“ஏம்மா இதைத் திருப்பி எடுத்துட்டு வர்றே? மழைக்காலமாச்சே, குளிராதா?”

“வேண்டாம்னு சொல்லிட்டான்” என்றாள் அம்மா. “பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருக்கான். குச்சி மாதிரி இருப்பான். உன் தம்பி அவனுக்குக் குண்டூசின்னு பேர் வெச்சிருக்கான். அவங்க அப்பாவுக்குக் கப்பல்ல வேலை. அம்மா இல்ல. ஒரு சித்தி மட்டும் எப்பவாவது வருவாங்களாம். அந்தப் பையனுக்குப் போர்வை இல்லன்னு இவன் தன்னோடதைக் குடுத்துட்டான்.”

“நல்லதுதானே?”

“சிஸ்டர் விடலையே. ஒருத்தர் துணி இன்னொருத்தர் கட்டிலுக்குப் போகக் கூடாதாம். நான் வேற போர்வை கொண்டாந்து தர்றேன்னேன். அவனோட வீட்டு ஆளுங்க கொண்டாந்தாதான் வாங்குவோம்னுட்டாங்க. ‘அவனுக்கு இல்லன்னா எனக்கும் வேண்டாம்’னு இவன் கண்ணை மூடிக்கிட்டான். ரெண்டு பேரும் இப்ப ஆஸ்பத்திரித் துணியைப் போர்த்திக்கிட்டு நடுங்கறாங்க.”

தம்பியும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டான் என்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவன் நடுங்கக் கூடாது.

படிக்கு எதிரே சுவரில் விதிப்பலகை இருந்தது. எழுந்து போய் எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியையும் படித்தாள். ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

‘நோயாளி ஒருவருக்கு வீட்டிலிருந்து துவைத்த போர்வை ஒன்று அனுமதிக்கப்படும்.’

“ஒன்னுன்னுதான் போட்டிருக்கு” என்றாள் மெதுவாக. “எவ்வளவு பெருசுன்னு போடலை.”

அம்மா அவளைப் பார்த்தாள். “என்ன பண்ணப் போறே?”

“தம்பி கட்டிலை விட்டுப் போகாது. ஆனா பக்கத்துக் கட்டிலையும் சேர்த்து மூடற மாதிரி ஒரே போர்வை.”

“அந்த அளவுல கடையில கிடைக்காதுடி.”

“கடையில யார் கேட்டா?”

பள்ளிக் கைவேலை வகுப்பில் அவள் கம்பளி நூலில் பின்னக் கற்றிருந்தாள். பெரிதாக ஒன்றும் வராது. சாண் அகலச் சதுரம் ஒன்று வரும், அதுவும் நேராக. அது போதும் என்று கணக்குப் போட்டாள். குறுக்கே பத்து, நெடுக்கே ஏழு. எழுபது சதுரம்.

தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, கிழிந்த ஸ்வெட்டர்களைக் கேட்டு வாங்கினாள். பிரித்தால் நூல் சுருண்டு சுருண்டு வந்தது. நனைத்துக் காயவைத்து நேராக்கினாள். பச்சை, ஊதா, ஒரு வண்டிக்காரரின் பழைய காக்கி என்று எல்லா நிறமும் இருந்தன.

பள்ளி விட்டதும் நேராக அந்தக் கடைசிப் படிக்கு வந்துவிடுவாள். இரண்டு ஊசிகளும் டிக் டிக்கென்று பேச ஆரம்பிக்கும்.

“வீட்ல உக்காந்து பின்னலாமே” என்றார் காவலாளி.

“தம்பிக்குப் பக்கத்துல இருந்துதான் பின்னுவேன். இதுக்கு மேல விட மாட்டேங்கறீங்க. அதான் இங்க.”

மூன்றாம் நாள் அவராகவே இரண்டு கைகளையும் நீட்டினார். அதில் நூலை மாட்டிவிட்டு அவள் உருண்டையாகச் சுற்றினாள். யாராவது வந்தால் அவரால் படிக்கட்டுக் கதவைத் திறக்க முடியாது. “கொஞ்சம் நீங்களே தள்ளிக்கிட்டு வாங்க” என்று வெட்கத்தோடு சொல்வார்.

இருபதாவது சதுரத்தில் விரல் நுனி காந்தியது. முப்பதாவதில் அலுத்துப்போய் ஊசியைத் தூக்கிப் போட்டாள். அன்றைக்கு வந்த சேதி: குண்டூசிக்குச் சளி கட்டியிருக்கிறது. ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

பேருந்து ஓட்டும் அப்பாவும் உதவுகிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்னினார். சதுரம் முக்கோணமாக வந்தது.

“வளைவுல திரும்பிட்டேன் போல” என்றார்.

அவள் அதைப் பிரித்து, மறுபடி பின்னினாள்.

ஐந்து வாரத்தில் எழுபதும் முடிந்தன. எல்லாவற்றையும் கோத்துத் தைத்து, துவைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தார்கள். சுருட்டினால் ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது.

அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, மாடிப்படிக்கே தலைமைச் செவிலியர் இறங்கி வந்தார். உயரமானவர். நெற்றியில் நிரந்தரமாக ஒரு சுருக்கம்.

“என்ன இது?”

“போர்வை, சிஸ்டர். ஒன்னுதான்.”

“இது நாலு போர்வை.”

“பிரிச்சுப் பாருங்க. எங்கயாவது ரெண்டா இருந்தா சொல்லுங்க.”

அவர் உண்மையிலேயே விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு தையலையும் இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் நூல் விட்டு, கை நுழையும் அளவு வாய் பிளந்தது.

“இங்க ரெண்டாத்தான் இருக்கு” என்றார்.

அம்மாவின் முகம் வாடியது. அவளோ சட்டைப்பையிலிருந்து தையல் ஊசியையும் நூலையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் இருங்க. ஒன்னாக்கித் தர்றேன்.”

செவிலியர் நின்றார். அவள் அவசரப்படவில்லை. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இப்ப இழுங்க” என்றாள்.

அவர் இழுத்தார். பலமாகவே இழுத்தார். தையல் விடவில்லை. பலகையின் ஆறாவது வரியை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுடைய விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் சிவந்து தடித்திருந்தன.

“சரி. அம்மா எடுத்துட்டுப் போகட்டும்.”

“அம்மா ஒருத்தியால தூக்க முடியாது” என்றாள் அவள். “ஒரு முனையை நான் பிடிக்கணும்.”

“உனக்குப் பன்னிரண்டு வயசு ஆகலையே.”

“பார்க்க வர்றவங்களுக்குத்தான் வயசு போட்டிருக்கு. தூக்க வர்றவங்களுக்குப் போடலை.”

காவலாளி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

செவிலியரின் நெற்றிச் சுருக்கம் ஒரு கணம் காணாமல் போனது. “பத்து நிமிஷம்” என்றார். “வந்த வேலையை முடிச்சுட்டு இறங்கிடணும்.”

ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் அந்தக் கடைசிப் படியைத் தாண்டி ஏறினாள்.

தம்பி மெலிந்திருந்தான். அவளைக் கண்டதும் வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அடுத்த கட்டிலில் குண்டூசி பெரிய கண்களால் போர்வையைப் பார்த்தான்.

“யாருக்கு?” என்றான்.

“உங்க ரெண்டு பேருக்கும். ஆளுக்குப் பாதி. இழுத்துச் சண்டை போட்டீங்கன்னா நான் மேல வந்துடுவேன்.”

விரித்தார்கள். இடைவெளியையும் தாண்டி, தம்பியின் மாவுக்கட்டு தொடங்கி குண்டூசியின் தோள் வரை போர்வை மூடியது. குண்டூசி அதைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் நடுக்கம் நின்றது.

“காக்கி என் பக்கம் வந்துடுச்சு” என்றான் தம்பி. அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. செவிலியர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“பத்து நிமிஷம் ஆயிடுச்சு.”

“இந்த மூலை இன்னும் சரியா விழல சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, அவள் நிதானமாக, மிக மிக நிதானமாக, தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.