புதன்கிழமை ஏழு குழந்தைகள் தூங்கினார்கள்

மாலை 4.40. மிஸ் பாப்டிஸ்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து கைமணியை ஆட்டினார். மாதிரித் தேர்வு முடிந்தது, பென்சிலைக் கீழே வை என்று அதற்கு அர்த்தம். ஒரு பிள்ளையும் அசையவில்லை. மறுபடி ஆட்டினார். ஏழு தலைகளும் மேசை மேலேயே கிடந்தன. முன்வரிசையில் இருந்த கைரான் பியரின் தோளைத் தட்டியதும் அவன் அப்படியே நாற்காலியோடு சரிந்து விழுந்தான். விழுந்த பிறகும் கண் திறக்கவில்லை.

மிஸ் பாப்டிஸ்ட்டின் டியூஷன் தெரியாத பெற்றோர் எங்கள் தீவின் சாகுவானாஸ் ஊரில் கிடையாது. தூண்கள் மேல் நிற்கும் வீடு, அடியில் திறந்த தளம், அங்கே மேசைகள். பதினொரு வயதில் எழுதும் அந்த ஒரு நுழைவுத் தேர்வுதான் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று முடிவு செய்யும். மீதி வாழ்க்கையையும் அதுவே முடிவு செய்துவிடும் என்று எங்கள் ஊர் மனதார நம்புகிறது. தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இங்கே இடம் பிடித்து வைத்த அம்மாக்கள் உண்டு என்பார்கள். நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

4.58. கார்ப்பரல் லொரெய்ன் க்வாமினா ஜீப்பை விட்டு இறங்கியபோது கடைசி ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கத்திப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தாள்.

முதல் மேசையில் பாதிக் கூட்டலில் பென்சில் கோடு இழுத்துக்கொண்டே போய்த் தாளை விட்டே வெளியேறியிருந்தது. இரண்டாவதில் வடிந்த எச்சிலில் விடை கரைந்திருந்தது. மூன்றாவதில் பென்சில் முனை ஒடிந்து கிடந்தது. அடுத்த மூன்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். கடைசி மேசையில் இரண்டு கணக்கு முடிந்திருந்தது. பென்சில் பெட்டிக்குள் இருந்தது, கண்ணாடிக் கூடு மூடியிருந்தது, ஓரத்தில் ரேஷ்னி சூக்தியோ என்று பெயர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

“நீங்க எங்க இருந்தீங்க மிஸ்?”

“மேலதான். தேர்வுன்னா தேர்வு மாதிரியே இருக்கணும். 3.40க்குத் தாளைக் கொடுத்துட்டு மேல போயிடுவேன். சத்தம் கேட்டாத்தான் இறங்குவேன்.”

“இன்னிக்கு?”

“சத்தமே இல்ல. இவ்வளவு நல்லா படிக்குதுங்களேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.” சொல்லிவிட்டு அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார்.

3.25க்கு எல்லாரும் மாபி குடித்திருக்கிறார்கள். மாபிப் பட்டையைக் கொதிக்க வைத்து வடித்த அந்தக் கசப்புத் தண்ணீர் மூளைக்குக் குளிர்ச்சி என்பது மிஸ் பாப்டிஸ்ட்டின் கட்சி. ஆளுக்கு ஒரு டம்ளர், அவர் கண் முன்னால், மிச்சம் வைக்காமல். அவர் பங்கை வகுப்பு முடிந்த பிறகுதான் குடிப்பார். ஜாடியின் அடியில் வெள்ளையாக ஏதோ பொடி தங்கியிருந்தது. மாபியின் கசப்பில் எதைக் கலந்தாலும் நாக்குக்குத் தெரியப் போவதில்லை.

காய்ச்சியது டான்டி எல்மா. அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாகச் சமைக்கிற மனுஷி, ஊருக்கே டான்டி, அதாவது அத்தை. ஜாடியைக் கை கழுவும் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஐஸ் எடுக்க மாடிக்குப் போனதாகவும், பத்து நிமிஷம் ஆனதாகவும் சொன்னாள். அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து கை கழுவியிருக்கின்றன. தெருக் கேட்டும் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவளுக்குக் கிரகம் வேறு வழியில் வந்தது. போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சண்டை போட்டவள், ஒரு நாள் பாருங்கள், நானே எல்லாரையும் தூங்க வைக்கிறேன் என்று வாயைக் கொடுத்திருந்தாள். அதைக் கேட்டவர்கள் பதினான்கு பேர்.

5.35. டான்டி எல்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். “நான் விளையாட்டுக்குச் சொன்னேன் கார்ப்பரல். அந்தக் கைரான் பய முழிச்சானா, அதை மட்டும் யாராவது சொல்லுங்க,” என்றாள். கைரானுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு நோய். அதன்மேல் அவன் அம்மா மதியம் சளி மருந்து வேறு கொடுத்திருந்தாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்மா அந்த ஜீப்பிலிருந்து வீடு திரும்பப் போவதில்லை.

6.10. மருத்துவமனை நடையில் அம்மாக்கள் நின்றார்கள். ஆறு பிள்ளைகள் அரைக்கண் திறந்துவிட்டன. கைரான் மட்டும் இன்னும் திறக்கவில்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர் க்வாமினாவை ஓரமாக அழைத்துப் பேசினார். பயணத்தில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரை மாதிரிதான் தெரிகிறது என்றார். அளவும் பெரிதில்லை. ஒழுங்காகத் தூங்குகிற பிள்ளைகளாக இருந்தால் நாலு கொட்டாவி விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கும். “மாத்திரை பாதி, களைப்பு பாதி,” என்றார்.

க்வாமினா நடைக்கு வந்தாள். “வாந்தி மாத்திரை யார் யார் பையில இருக்கு?”

ஏழு அம்மாக்களில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பிள்ளை சாப்பிடுவது காரில், உடை மாற்றுவது காரில், நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் குலுங்கிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வது காரில்.

ரேஷ்னியின் அம்மா ஷெரியான் சூக்தியோ கைபேசியில் அட்டவணையையே காட்டினாள். திங்கள் ஸ்டீல்பேன் வாத்தியம், செவ்வாய் நீச்சல், புதன் டியூஷன் முடிந்து நடனம், வியாழன் டியூஷன் முடிந்து வயலின், வெள்ளி இந்தி, சனி முழுக்க டியூஷன், ஞாயிறு மீள்பார்வை. க்வாமினாவுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அவள் மகனுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

“அந்த மாத்திரைய வச்சு யாரையும் தூங்க வைக்க முடியாது கார்ப்பரல். அது டூப்பு. பள்ளிக்கூட வாசல்ல தினம் என் கையாலதான் வாயில போடுறேன். முன்னாடி நல்லாத்தான் கேட்டுச்சு. இந்த ஒரு மாசமா மாத்திரை போட்டும் வாந்தி எடுக்கிறா. மருந்துக் கடைக்காரன்கிட்ட சண்டையே போட்டுட்டேன்,” என்றாள் ஷெரியான்.

க்வாமினா குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“உங்க பொண்ணுக்குக் கண்ணாடி இல்லாம எழுத முடியுமா?”

“எழுதவா. கண்ணாடி இல்லன்னா தட்டுல இருக்கிற சோறே தெரியாது.”

6.25. க்வாமினா கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, மருத்துவமனை வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து எல்மாவை இறக்கிவிடச் சொன்னாள். பிறகு ஷெரியானை உட்கார வைத்து, அவள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

“மாத்திரை அஞ்சு பேர்கிட்ட இருக்கு. அதுல ஒருத்தருக்கு மட்டும்தான் அது ஒரு மாசமா வேலை செய்யல. மாத்திரை கெட்டுப் போகலம்மா. அது உள்ளயே போகல. உங்க பொண்ணு கன்னத்துல ஒதுக்கி வச்சுத் துப்பி, சேர்த்து வச்சிருக்கா.”

“எங்க பொண்ணும்தானே மயங்கிக் கிடந்தா?”

“ஆறு பேர் எழுதிட்டே விழுந்திருக்காங்க. ஒருத்தி மட்டும் பென்சிலைப் பெட்டியில போட்டு, கண்ணாடியக் கழட்டிக் கூட்டுல வச்சு மூடிட்டுப் படுத்திருக்கா. தூக்கம் வரப் போகுதுன்னு தெரிஞ்சவங்கதான் அப்படிப் படுப்பாங்க. மத்தவங்களுக்குத் தூக்கம் வந்துச்சு. ரேஷ்னி தூங்கப் போனா.”

ஷெரியான் சட்டென்று எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்த மற்ற அம்மாக்கள் விலகி நின்றார்கள். அவள் திட்டவில்லை. நேராக வார்டுக்குள் போனாள், க்வாமினாவும் பின்னால் போனாள்.

ரேஷ்னி கண்ணை இடுக்கிக்கொண்டு வருவது யார் என்று பார்த்தாள். அம்மா என்று தெரிந்ததும் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். சின்ன உடம்பு, கட்டிலில் பாதி கூட நிரம்பவில்லை. க்வாமினா கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் தலையாட்டினாள். கண்ணாடிக் கூட்டின் துணிக்கு அடியில்தான் சேர்த்து வைத்தாளாம். கை கழுவப் போகும்போது, நசுக்கி வைத்திருந்த பொடியை ஜாடியில் கொட்டினாளாம். யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டாளாம்.

“மாத்திரை உன்கிட்டயே இருந்துச்சே கண்ணு. தூங்கணும்னா நீ மட்டும் போட்டுக்கிட்டிருக்கலாமே. ஏன் எல்லாருக்கும்?”

அந்தப் பிள்ளை இவ்வளவு பெரிய போலீசுக்கு இது கூடத் தெரியவில்லையா என்பது போலப் பார்த்தது.

“நான் மட்டும் தூங்கினா மத்தவங்க தாளை முடிச்சுடுவாங்க மிஸ். நான் பின்னாடி போயிடுவேன். எல்லாரும் ஒண்ணாத் தூங்கிட்டா யாரும் முந்த மாட்டாங்கல்ல.”

ஷெரியான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் இதற்கு என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் இருக்கலாம். க்வாமினாவுக்கு அப்போது அதைத் தேடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. சீருடையில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

6.50. எதிர்க் கட்டிலில் கைரான் இருமினான். கண் திறந்தான். “அம்மா, பசிக்குது” என்றான்.

நடையில் நின்ற அத்தனை பேரும் உள்ளே ஓடி வந்தார்கள். மிஸ் பாப்டிஸ்ட் கர்த்தருக்கு நன்றி சொன்னார். வாசலில் டான்டி எல்மா சுவரில் சாய்ந்து உரக்க அழுதாள். கைரானின் அம்மா அவன் நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் முத்தமிட்டு, பிஸ்கட்டை உடைத்து ஊட்டினாள். டாக்டர் வந்து பார்த்து, இனிப் பயமில்லை, தூங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கைரானின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

“ரெண்டே ரெண்டு கணக்கு மட்டும் கண்ணா. இன்னிக்குப் பொழுது பூரா வீணாப் போச்சு. போட்டுப் பார்த்தா தூக்கம் தெளியும்.”

அவன் ஊசி குத்தாத கையால் பென்சிலை வாங்கிக்கொண்டான்.

பிறகு பக்கத்துக் கட்டில் அம்மா தன் பையின் ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பக்கத்துக் கட்டில் அம்மாவும் குனிந்து பையைத் தேடினாள். க்வாமினா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தடுப்பதற்கு எந்தச் சட்டமும் அவளுக்கு நினைவு வரவில்லை.

தரையில் உட்கார்ந்திருந்த ஷெரியான் மட்டும் நகரவில்லை. அவள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், தூங்கு, நீ தூங்கு என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு அதை உண்மையாகவே சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

ரேஷ்னி எழுந்து உட்கார்ந்தாள். எதிர்க் கட்டிலில் என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அதுவரை அழாத பிள்ளைக்கு உதடு கோணியது.

“அம்மா, கைரான் எழுதுறான்,” என்றாள். “என் தாள் எங்கம்மா?”