நடுவில் நிற்கவேண்டிய குரல்

தடதடவென்று கதவு அதிர்ந்தது.

கிளிஃபர்ட் திறந்தான். வாசலில் அவன் அக்கா ஐரின், கையில் செருப்போடு நின்றாள். மர்பி டவுன் வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"செவிடாடா நீ? பெல் அடிச்சுப் பாத்தேன், கத்திப் பாத்தேன். கடைசியில கதவைச் செருப்பால அடிக்க வேண்டியதாச்சு. உன்னை அடிச்சிருக்கணும்."

"மியூசிக் ரூம்ல இருந்தேன்க்கா. அங்க வெளிச் சத்தமே வராது."

"பெருமையா சொல்றியா? மம்மி பாத்ரூம்ல விழுந்து சாயங்காலம் வரைக்கும் கிடந்தாங்க. நீ வீட்லதானே இருந்தே? ஒரு வாட்டி கூடவா கூப்பிடல?"

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

"கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. நம்பலேன்னா நீயே வந்து உக்காந்து பாரு."

அந்த மியூசிக் ரூம், அம்மா இருந்தபோதே அவன் எடுத்துக்கொண்ட அவளுடைய படுக்கையறை. இப்போது சுவரெங்கும் சத்தத்தை உறிஞ்சும் கறுப்பு ஃபோம், தரையில் கம்பளம், ஜன்னலில் கனத்த திரை. உச்சிவெயிலின் ஒரு கீற்றுகூட உள்ளே வரவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே ஒற்றை நாற்காலி. அதில் ஐரினை உட்காரவைத்தான்.

பாட்டு தொடங்கியது.

ஐரினுக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, வெறும் இருட்டில், ஒருத்தி நின்று பாடுவதுபோல் இருந்தது. வலப்பக்கம் தபலா. பாடுபவளுக்குச் சற்றுப் பின்னால் வயலின்.

"பாத்தியா? ஸ்பீக்கரும் ரூமும் சரியா அமைஞ்சா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துல நிப்பாங்க."

பாடகி நகர்ந்தாள்.

இடப்பக்கம், ஓரடி.

கிளிஃபர்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு இடது ஸ்பீக்கரை லேசாகத் திருப்பினான். குரல் ஸ்பீக்கரையும் தாண்டிப்போய்ச் சுவரில் நின்றது.

சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம்.

பாட்டு மெல்ல முனகலாக மாறியது. ஃபோமிலிருந்து பினாயில் வாடை கசிந்தது.

"நிறுத்துடா, பாவி!"

ஐரின் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். தபலா நின்றது. வயலின் நின்றது.

முனகல் நிற்கவில்லை.

"சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம்க்கா... அவ்வளவுதான்..."

ஆனால் அவன் கை, பழகிப்போன வேலையைச் செய்வதுபோல, மின்சாரமே இல்லாத ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைப் பிடித்து முழுதாகத் திருப்பியது.

முனகல் அடங்கியது. சுவருக்குள்ளிருந்து, மிக அருகில், அம்மாவின் குரல் சீறியது.

"இன்னிக்கும் சவுண்டை ஏத்துறியாடா, கிளிஃபர்ட்?"