இரண்டு மணிக்கொரு தரம்

“இப்பதான புரட்டிப் போட்ட? அதுக்குள்ள எதுக்கு மறுபடி சுவத்தப் பாத்துப் போட்டிருக்க? எங்கம்மா என்ன அரிசி மூட்டையா?”

“நான் தொடவே இல்ல முசே. சமையக்கட்டுலதான் இருந்தேன்.”

“அப்ப அவங்களே எழுந்து புரண்டாங்களா?”

ழான்-லூக்கின் சத்தம் தெருமுனை ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டது. அவருடைய தாயார் ஆன்-மரி அம்மாள் பக்கவாதத்தில் விழுந்து விரல்கூட அசைக்க முடியாதவர். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் பக்கம் மாற்றி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருக வேண்டும். அதற்காகத்தான் ஒடிசாக்காரி பூர்ணிமா அந்த வீட்டோடு தங்கியிருந்தாள். அவள் ‘முசே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைக்கும் ழான்-லூக்குக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். வாயைத் திறந்தால் சட்டம். வேலைக்கு வைத்த ஆளைப் போலீஸில் பதிய வேண்டும் என்ற சட்டம் மட்டும் அவருக்கு மறந்துபோகும். பூர்ணிமாவின் ஆதார் கார்டு ஏஜென்சிக்காரனிடம், கேட் சாவி முசேவிடம். இவளுக்கு முன்னால் இதே வேலையில் கை நிறையக் கண்ணாடி வளையலோடு நடமாடிய கமலவேணியின் பெயரும் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. ஒருநாள் அவளைக் காணோம். எங்கே என்று கேட்டது தெரு மட்டும்தான், அதுவும் வம்புக்கு.

“கார்டை வாங்கிக் குடுங்க முசே. சேதராப்பட்டுல அக்காகிட்ட போயிடறேன்.”

“வேற ஆள் வரட்டும், பாப்போம்.”

கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் ஒரு மணி. கடைகள் ஷட்டரை இறக்கி ஊரே உண்டு உறங்கும் நேரம். ஜன்னல் இடுக்கு வெயில் தரையில் கோடு கோடாய் விழ, டெட்டாலும் பவுடரும் ஈரத்துணியும் கலந்த வாடையில் பூர்ணிமா அம்மாளை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, கட்டிலோரப் பாயில் கண்ணயர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே விரிப்பு சரசரத்தது. தலையணையைத் தட்டும் சத்தம். பிறகு வளையல்.

அம்மாள் கையில் வளையல் கிடையாது.

எழப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை.

அவள் தோளுக்கடியில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை. தொழில் பழகிய கை. மெதுவாக. சுவர்ப் பக்கம்.

நாலு மணிக்கு வந்த ழான்-லூக் கட்டிலையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் ஒரே மாதிரி கிடந்தார்கள்.

பொங்கலுக்கு முன்பே அம்மாள் போய்ச் சேர்ந்தார். ழான்-லூக் வீட்டை விற்று ரீயூனியன் தீவுக்குப் போய், அங்கே ஏஸ்தெல் என்ற விதவையைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வயது அறுபத்திரண்டு. கழுத்துக்குக் கீழே அசைவற்ற பூர்ணிமாவை ஆட்டோவில் ஏற்றி அக்கா வீட்டில் இறக்கினார்கள். கார்டும் ஒருவழியாகத் தபாலில் வந்தது.

அக்காவுக்கு பேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலையில் தங்கையை வாசலைப் பார்க்கப் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறாள். திரும்பி வந்து திறக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள். வருஷம் இரண்டாகிறது. முதுகில் ஒரு புண்கூட இல்லை.