கையேற்பு நாள்

தேர்வறை வாசலில் இருந்த கூடையில் நஸ்ரின் தன் கையுறைகளைப் போட்டாள். கையேற்பு நாளில் வெறுங்கையோடுதான் உள்ளே போக வேண்டும்.

மேற்படிப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண்கள் இப்போது உதவுவதில்லை. நோயைக் கண்டுபிடிப்பது தோல்நோக்கி. ஸ்கேனர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்தை முடிவுசெய்வதும் அதுதான். ஆனால் யாரும் தொடாத சிகிச்சையை மக்கள் பாதியில் விட்டார்கள். சட்டம் மாறியது. தோல் மருத்துவ மேற்படிப்பில் ஒவ்வோர் இடமும் இன்று ஒரு நோயாளியுடையது. படிப்பு முடியும்வரை தன் உடம்பை யாரிடம் ஒப்படைப்பது என்று அவரே முடிவுசெய்வார். விண்ணப்பித்தவர் அவரைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். அவர் ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நஸ்ரின் இரண்டு முறை மறுக்கப்பட்டவள். இது மூன்றாவது. நான்காவது வாய்ப்பைச் சட்டம் தருவதில்லை.

அறையில் மரியசெல்வி உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடியில் பரோட்டா கடை நடத்துபவள். முழங்கையிலிருந்து விரல்வரை சோரியாசிஸ்.

"வாங்க டாக்டரம்மா. கைய நீட்டவா?"

"நீட்டுங்கக்கா."

நஸ்ரின் செதில்களின் மேல் விரல்களை வைத்தாள். விளிம்பு தடித்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். மரியசெல்வி இல்லையென்று தலையசைத்தாள். நஸ்ரின் கையை எடுத்து வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

மரியசெல்வியின் முகம் மாறியது.

"போதும். நீங்க கெளம்புங்க."

"ஏங்க்கா? என்ன தப்பு பண்ணேன்?"

"தொட்ட ஒடனே தொடைக்கீங்களே. எங்க கடைக்கு வாறவனும் அப்படித்தான். எங்கிட்ட தட்ட வாங்கிட்டுக் கைய வேட்டில தொடைப்பான். அவனாவது படிக்காதவன்."

நஸ்ரின் தன் கைகளைப் பார்த்தாள். முன்பு மறுத்த இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது புரிந்தது.

"அக்கா, எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சின்னதுல இருந்தே. அடுத்தவங்க மேல ஈரம் படக் கூடாதேன்னு தொடைச்சுத் தொடைச்சுப் பழகிப்போச்சு."

கைகளை நீட்டினாள். ரேகைகளில் நீர் கோத்திருந்தது. மரியசெல்வி தயங்கினாள். பிறகு ஒரு விரலால் தொட்டாள்.

"அட, ஆமா. நீங்க மாவு பெசஞ்சா தண்ணியே ஊத்த வேண்டாம் போலிருக்கே."

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. கண்களும் நிறைந்தன.

"தோல் டாக்டருக்கே தோல்ல கோளாறா? ஸ்கேனர்ட்ட காட்டலியா?"

"காட்டினேன். மருந்து சொல்லிச்சு. பாதில விட்டுட்டேன்."

"நானுந்தான்."

சம்மதத்தைப் பதிவுசெய்ய மேசையில் ஒரு ஏற்புத்திரை இருந்தது. மரியசெல்வி அதில் கட்டைவிரலை அழுத்தினாள். செதில் படிந்த ரேகையைத் திரை அறியவில்லை. விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள் நஸ்ரின். "சீட்டுக்கு மட்டுமில்ல. சொன்னீங்கள்ல, அதுக்கு. வேற யாரும் சொல்லல."

மரியசெல்வி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். சேலைத் தலைப்பை விலக்கி, முதுகு காட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்த களிம்பைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"நடு முதுகுல எனக்குக் கை எட்டாது. பூசி விடுன்னு இத்தன வருசமா யார்ட்டயும் கேட்டதில்ல."