சதுரங்களுக்கு நடுவே ஒரு கை

காண்நேரம் தொடங்குவதற்கு முன் தன்ஷிகா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். திரையில் வரும் அந்தத் தெருவில் ஒருவரும் அவளைப் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் சமையல் பிசுக்கோடு அவர்கள் முன்னால் போய் உட்கார அவளுக்கு மனம் வராது.

அன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். பெட்டியைப் போட்டதும் தெரு வந்தது. வந்த வேகத்திலேயே உடைந்தது. டீக்கடையின் கூரை ஒரு பக்கமும் அதன் கண்ணாடி அலமாரி இன்னொரு பக்கமுமாகச் சதுரம் சதுரமாகப் பிரிந்து நின்றன. ஒரு நாய் தலையில்லாமல் சாலையைக் கடந்தது.

“என்னங்க, இன்னைக்கும் அதே கதைதான்.”

அவள் கணவன் கவின்ராஜ் அதற்குள் மொட்டைமாடிக்குப் போய்விட்டிருந்தான். ஒரு வாரமாக இதுதான் அவர்களுடைய மாலை வேலை. அவன் மேலே நின்று சிக்னல் பிடிக்கும் வான்குடையைத் திருப்புவான். அவள் கீழே திரையைப் பார்த்துச் சொல்லுவாள். அவன் குரல் மூன்று மாடி இறங்கி வராது என்பதால் நடுமாடியில் இருக்கும் மோனிஷா அக்கா படிக்கட்டில் நின்று இரண்டு பக்கமும் சேதி கடத்துவார்.

“வந்துச்சான்னு கேக்குறாரு!”

“பாதி வந்துச்சுன்னு சொல்லுங்கக்கா.”

“பாதி வந்துச்சாம்!” மேலே கத்திவிட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். “எந்தப் பாதின்னு கேக்குறாரு!”

“கீழ்ப்பாதி. கால் மட்டும் தெரியுது.”

“யாரோட காலுன்னு நானே கேக்குறேன்.”

சிறிது நேரத்தில் கவின்ராஜ் எதையோ மென்றுகொண்டு இறங்கி வந்தான். கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினான். பெட்டியை அணைத்துப் போட்டான். குடையின் மூக்கில் சிலந்திவலை இருந்ததாகவும் அதையும் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னான்.

“பேசாம சாட்சி மையத்துக்கு ஒரு புகார் கொடுத்துருவோம்டி.”

“வேண்டாம். புகார் கொடுத்தா தெருவ மாத்திருவாங்க.”

அவள் பயமெல்லாம் அதுதான். படம் சரியில்லாத வீட்டிடமிருந்து தெருவைப் பிடுங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடமாகப் பார்க்கும் தெரு. எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. சத்தம் வராது. ஆனால் டீ மாஸ்டர் எப்போது பால் மாற்றுவார் என்று அவளுக்குத் தெரியும். தோளில் எந்நேரமும் பச்சைத் துண்டு கிடப்பதால் அவருக்குப் பச்சைத்துண்டு என்று பெயர் வைத்திருந்தாள். டீக்கடையை ஒட்டிச் சாக்கடை ஓரமாக ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து பித்தளைச் சாவி அராவிக்கொண்டிருக்கும் பெரியவர் சாவிக்காரர். பொழுது சாயும்போது அவருடைய கனத்த தகரப்பெட்டியைப் பச்சைத்துண்டுதான் தூக்கித் தலையில் ஏற்றிவிடுவார். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு அந்த நாள் முடிந்தாற்போல இருக்கும்.

அவளுடைய அம்மாவின் தலைமுறை டிவியைப் பொழுதுபோக்குக்காக மட்டும் பார்த்ததாம். பிறகு பொய்க்காலம் வந்தது. யார் வேண்டுமானாலும், யாரை வேண்டுமானாலும், எதைச் செய்வதாகவும் படம் செய்துவிட முடிந்தது. கொலை செய்தவன் தான் அந்நேரம் கோயிலில் நின்ற படத்தைக் காட்டினான். கோயிலில் நின்றவனைக் கொலைகாரனாகக் காட்டவும் படம் இருந்தது. கடைசியில் பதிவான படம் எதுவும் சாட்சியாகச் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்குத் திரும்பினார்கள்.

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் முன்பின் தெரியாத ஓர் ஊரின் ஒரு துண்டுத் தெரு உண்டு. தினம் மாலை காண்நேரம் என்ற ஒரு மணி நேரத்தில் அது செயற்கைக்கோள் வழியாக நேரலையாக வரும். எங்கும் பதிவாகாது. ஒரே துண்டை மூன்று வீடுகள் பார்க்கும். அந்த வீடுகள் ஒன்றையொன்று அறியாது. தெருவில் வழக்கு என்று ஒன்று வந்தால், இரண்டு வீடு கண்டது எதுவோ அதுதான் நடந்தது. இரண்டு வீடு ஒத்துப்போகாவிட்டால் காயம்பட்டவர் சொல்வதே நடந்தது.

அன்று கவின்ராஜ் இறங்கி வந்து கொஞ்ச நேரத்தில்தான் அது நிகழ்ந்தது. சாவிக்காரரும் பச்சைத்துண்டும் எதற்கோ வாக்குவாதம் செய்தார்கள். சாவிக்காரர் பெஞ்சை விட்டு எழுந்தார். பச்சைத்துண்டின் கை நீண்டது. திரை உடைந்தது. சதுரங்கள் மறுபடி கூடியபோது சாவிக்காரர் சாக்கடைக்குள் கிடந்தார். ஆட்கள் ஓடிவந்தார்கள்.

 ஆனால் தன்ஷிகா பார்த்திருந்தாள். அந்தக் கை பெரியவரின் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது. துணி இழுபட்டுச் சுருங்கியது. பிடி நழுவியது. அவ்வளவு துல்லியமாகப் பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை சாட்சி மையத்திலிருந்து போன் வந்தது. ஆள் நேரில் வருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கே ஆள் வந்தால் மற்ற இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லியிருக்கின்றன என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது வீட்டின் வார்த்தையில்தான் வழக்கு நிற்கும்.

 கவின்ராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான்.

“தன்ஷி, கோவிச்சுக்காதே. முந்தாநாள் பெட்டிக்குள்ள ஒரு நிரப்பி போட்டேன்.”

“என்னது?”

“சந்தைல விக்கிறான். சின்ன சில்லு. படம் உடைஞ்சா உடைஞ்ச சதுரத்த அதுவே நிரப்பிரும். எப்பவும் அங்க என்ன நடக்குமோ அத வச்சு, இப்பவும் இதுதான் நடந்திருக்கும்னு போட்டுரும். கிரிக்கெட் பாக்கத்தான் போட்டேன். சத்தியமா காண்நேரத்துக்காக இல்ல.”

“அப்ப அந்தக் கை?”

“அது போட்ட கையா இருக்கும்.”

 மூன்று வருடமாக அந்தக் கை பெரியவருக்குப் பெட்டி தூக்கிவிட்டிருக்கிறது. நிரப்பி அதை வைத்துத்தானே வரைந்திருக்கும்? அப்படியானால் உண்மையான கை தள்ளியிருக்குமோ? ஆனால் துணி சுருங்கியதே. ஒரு சில்லுக்குத் துணி எப்படிச் சுருங்கும் என்று தெரியுமா? தெரிந்திருக்கும். கிரிக்கெட் பந்து எப்படித் திரும்பும் என்று தெரிந்த சில்லுக்குச் சட்டை ஒரு பொருட்டா?

“வாயத் திறந்துராதே,” என்றான் கவின்ராஜ். “சாட்சிப்பெட்டிய நோண்டினா உள்ள தூக்கி வச்சிருவாங்க. பாத்தேன், அவ்வளவுதான்னு சொல்லிரு.”

அன்று மாலை காண்நேரத்தில் மையத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் எழினி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இவ்வளவு மோசமா இருக்கே. எத்தன நாளாம்மா இப்படி?”

“ஒரு வாரமா.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

தன்ஷிகா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். எழினி மாடிக்குப் போனாள். அவள் பின்னாலேயே எல்லோரும் போனார்கள். மோனிஷா அக்காவும் சேர்ந்துகொண்டார்.

தெற்கத்திப் பக்கம் வான்குடை ஏறக்குறைய மல்லாந்துதான் கிடக்கும். செயற்கைக்கோள் தலைக்கு மேலே நிற்பதால் அதற்குச் சரிவு அதிகம் வேண்டியதில்லை. அந்த மல்லாந்த குடையின் மேல் ஒரு வேட்டி விரித்திருந்தது. வேட்டி முழுக்கக் கூழ்வத்தல். பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் உப்புப் பூத்துக் கிடந்தது.

எழினி குனிந்து ஒரு வத்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது யாரோடது?”

“என்னோடதுதான் கண்ணு,” என்றார் மோனிஷா அக்கா. “தகரம் நல்லாச் சுடுது. தரைல போட்டா காயறதுக்கு நாலு நாள் பிடிக்கும், இதுல சுருக்காக் காயுது. ஒரு வாரமா இங்கதான் போட்டு எடுக்குறேன்.”

“நீங்க தினம் வந்து குடையத் திருப்புனீங்களே சார், இது கண்ணுல படலையா?”

“பட்டுச்சு மேடம்,” என்றான் கவின்ராஜ். “வத்தல் சிந்திரக் கூடாதேன்னு பாத்துப் பாத்துத்தான் திருப்புனேன்.”

“ஒண்ணு ரெண்டு எடுத்துத் தின்னுட்டும் போயிருக்காரு,” என்றார் அக்கா. “வரிசைல ஓட்டை விழுந்துச்சு, நான் காக்கான்னு நெனச்சேன்.”

“ஈரமும் உப்பும் மேல கெடந்தா சிக்னல் எப்படி சார் எறங்கும்?”

“வெறும் துணிதானேன்னு இருந்துட்டேன் மேடம்.”

அக்கா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு போனார். எழினி குடையைத் தன் கருவியை வைத்துக் கொஞ்சம் நகர்த்தித் திருகாணியை இறுக்கினாள். கீழே வந்து பார்த்தபோது தெரு கண்ணாடி போலத் தெரிந்தது. டீக்கடை பூட்டியிருந்தது. சாவிக்காரரின் பெஞ்ச் காலியாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பெஞ்சின் கால் ஒன்று செங்கல்லில் முட்டுக்கொடுக்கப்பட்டிருப்பதைத் தன்ஷிகா கவனித்தாள். இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

“இப்ப விஷயத்துக்கு வருவோம்,” என்றாள் எழினி. “விழுந்தவருக்கு இடுப்பெலும்பு போயிருச்சு. டீக்கடைக்காரர் தள்ளிவிட்டார்னு சொல்றார். டீக்கடைக்காரர் பிடிக்கத்தான் போனேன்னு சொல்றார். நீங்க பாத்ததச் சொல்லணும். பாத்திருந்தா ‘கண்டேன்’னு சொல்லிட்டு எதக் கண்டீங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா ‘காணேன்’. வேற வார்த்தை கிடையாது.”

தன்ஷிகா கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

“பெட்டில ஒரு நிரப்பி இருக்கு மேடம்,” என்றாள் அவள். “நான் பாத்தது நெசமா, அது போட்டதான்னு எனக்குத் தெரியல.”

கவின்ராஜ் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். எழினி பெட்டியைக் கழற்றினாள். ஓரத்திலிருந்து நகத்தளவு சில்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் வளைத்தாள். அது முறிந்தது.

“இது வெறும் பிளாஸ்டிக் சார். உள்ள ஒண்ணுமே இல்ல. நல்லா ஏமாத்திட்டான்.”

கவின்ராஜுக்கு உயிர் வந்தது. “அப்ப நிரப்பி வேலையே செய்யலையா?”

“இருந்தாத்தானே செய்யும்? இந்தப் பெட்டில உடைஞ்ச சதுரம் உடைஞ்சபடியேதான் தெரிஞ்சிருக்கும்.”

“பாத்தியா,” என்று அவன் மனைவியிடம் திரும்பினான். “நீ பாத்தது நெசந்தான்.”

தன்ஷிகா அதற்கு நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தாள். கை நீண்டதும் திரை உடைந்தது. உடைந்த சதுரத்தில் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. நிரப்பியும் இல்லை. அப்படியானால் காலரைப் பற்றிய விரல்களை யார் போட்டது? இழுபட்ட துணியை யார் சுருக்கியது? ஒருவேளை திரை முழுவதும் உடையாமல் நடுவில் ஒரு சதுரம் மட்டும் தப்பியிருக்குமோ? அந்த ஒரு சதுரத்தில்தான் கை இருந்ததோ? கண்ணை மூடினாள். கை தெளிவாக வந்து காலரைப் பற்றியது. இன்னொரு முறை மூடினாள். வேண்டுமென்றே தள்ளுகிற கையை நினைத்துப் பார்த்தாள். அதுவும் அதே தெளிவோடு வந்தது. அதற்கும் சட்டை சுருங்கியது.

“அம்மா, நேரமாகுது,” என்றாள் எழினி. சட்டப்படி சாட்சி சொல்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

காணேன் என்றால் போதும். அதுதான் சரியான வார்த்தை என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் காயம்பட்டவர் சொன்னபடி பச்சைத்துண்டு தள்ளினார் என்று ஆகிவிடும். அதையும்தான் அவள் காணவில்லை. காணாத ஒன்றைக் காணேன் என்று சொல்லி எப்படி நடந்ததாக ஆக்குவது? பெட்டி தூக்கிவிடுகிற கை அது. அந்தக் கைக்கு விலங்கு போடுவார்கள். கடை போகும். தெரு போகும்.

“கண்டேன்,” என்றாள். “அவர் பிடிச்சதக் கண்டேன்.”

எழினி அதைப் பதிந்துகொண்டு நன்றி சொல்லிப் போனாள்.

அன்று இரவிலிருந்து அவளுக்குக் குழப்பம் இல்லை. கை காலரைப் பற்றுவது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. தள்ளுகிற கையை இழுத்து வர நினைத்தாலும் வரவில்லை. சில நாளில் டீக்கடை திறந்தது. பச்சைத்துண்டு பழையபடி பால் மாற்றினார். படம் அவ்வளவு நன்றாக வந்தது. கவின்ராஜ்கூடச் சில நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தான்.

மழை தொடங்கும் சமயத்தில் சாவிக்காரர் திரும்பி வந்தார். ஊன்றுகோலோடு மெல்ல நடந்து வந்தவர் பழைய இடத்தில் உட்காரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். பொய்ப்புகார் சொன்னவர் என்று ஆகிவிட்டவரிடம் சாவி செய்துகொள்ள யாரும் வரவில்லை. தெரிந்தவர்கள் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடந்துபோனார்கள். பச்சைத்துண்டு ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. குற்றவுணர்வில் வைக்கிறாரா, இரக்கத்தில் வைக்கிறாரா என்று தன்ஷிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு பெரியவர் தலையைத் தூக்கி மின்கம்பத்தில் இருந்த கேமராவைப் பார்த்தார். தெருவில் இருக்கிறவர்கள் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. பார்ப்பது மரியாதை இல்லை. அவர் பார்த்தார். ஊசிமுனை போன்ற கண். மழைத்துளி புருவத்தில் நின்றது. அவர் உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். நிறுத்தி, மறுபடி அதையே சொன்னார்.

அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த கவின்ராஜ் அங்கேயே நின்றுவிட்டான்.

“நம்மளத்தான் பாக்குறாரு. என்ன சொல்றாரு?”

தன்ஷிகா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எந்த வார்த்தையையும் பொருத்திப் பார்க்கலாம் போல இருந்தது. எந்த வார்த்தையும் பொருந்தும் போல இருந்தது.

“தெரியலைங்க,” என்றாள்.