கைவாடை

ஊட்டான் அணைந்து இது மூன்றாவது நாள். அதன் மூடிய தட்டின் முன்னால் சீரகம் என்ற பூனை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பள்ளிக்கரணையில் வெள்ளம் வடியவில்லை, மின்சாரமும் வரவில்லை. பூனை வளர்க்கும் வீடுகளிலெல்லாம் இருக்கும் அந்த ஊட்டும் எந்திரம், கழுத்துப்பட்டை வழியே பூனையின் ரத்தத்தைச் சோதித்து, அதற்கேற்ற இறைச்சிக் குழைவை வேகவைத்துத் தரும். சிறுநீர்க் கல் இல்லை, ஊளைச்சதை இல்லை. ஒரே இடைஞ்சல் வீட்டுக்காரர்களின் பாசம்தான். எவ்வளவு சொன்னாலும் மேசைக்கடியில் ஒரு துண்டு போய்விடும்.

மோகனவல்லியின் முந்தைய பூனை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அவள் கணவன் தனபாலன் ஆசையாகப் பிசைந்து வைத்த மீன்குழம்புச் சோற்றில் சின்ன வெங்காயம் கிடந்தது. வெங்காயம் பூனையின் ரத்தத்தையே சிதைத்துவிடும் என்று இருவருக்கும் தெரியாது. அதனால்தான் சீரகம் குட்டியாக வந்தபோது ஊட்டானில் 'கைவாடை மறுப்பு' என்ற வசதியும் வேண்டுமென்று அவள் அடம்பிடித்தாள். மனிதக் கை பட்ட உணவைப் பூனை முகர்ந்தால், நம் காதுக்கு எட்டாத ஒரு கிரீச்சொலியை ஊட்டான் எழுப்பும். சில மாதங்களில் அந்த ஒலியே தேவைப்படவில்லை. கருவாட்டைக்கூட மதிக்காமல் தாண்டிப் போகும் பூனையை வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பூரித்துப் போனாள்.

இப்போது உப்பில்லாமல் வேகவைத்த கோழியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கையில் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டு வைத்தாள். வாயைப் பிளந்து கரண்டியால் ஊட்டினாள். நுரை நுரையாகக் கக்கிவிட்டது. அந்த வீட்டில் அவள் வாடை இல்லாத பாத்திரம்தான் ஏது?

கால்நடை மருத்துவர் தொலைபேசியில் பதறினார். "இன்னைக்குள்ள ஏதாச்சும் சாப்பிட்டாகணும்மா. பட்டினி கெடந்தா பூனைக்கு ஈரல் போயிரும். படகு நாளைக்குத்தான் கெடைக்குமாம்."

எந்திரக் கம்பெனிப் பெண்ணோ பாராட்டினாள். "பூனை ரொம்ப நல்லாப் பழகியிருக்கு மேடம். இதுல பழுதுன்னு ஒண்ணும் இல்லையே."

மோகனவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னங்க, நான் என்ன வெஷமா குடுக்கறேன்?"

தனபாலன் தலையைக் குனிந்துகொண்டான். "நம்ம கைய நம்பாதேன்னு நாமதானேடி சொல்லிக் குடுக்க வச்சோம்."

சாயங்காலம் சீரகத்தால் எழுந்து நிற்க முடியவில்லை. காதின் உட்புறம் மஞ்சள் பூத்திருந்தது. அவள் தரையில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, ஒரு துண்டுக் கோழியை உள்ளங்கையில் வைத்து மூக்கருகே நீட்டினாள். "ஒரு வாய்டா தங்கம். ஒரே ஒரு வாய்."

பூனை முகர்ந்தது. இறைச்சியை விட்டுவிட்டு அது அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி முன்னங்காலை நீட்டி, அவள் கையைச் சுற்றித் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. தன் மலத்தை மண் தள்ளி மூடும்போது பூனைகள் அப்படித்தான் பிறாண்டும்.

அது ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.