எழுந்து நடந்த கோழிகள்

காந்திபுரத்து மாடி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த வெள்ளியங்கிரி, கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்.

"நொண்டிக் கோழிகளைத் தனிக் கொட்டகையில போட்டிருக்கறமுங்க. விடிஞ்சு பார்த்தா எந்திரிச்சு நடக்குது. அப்புறம் உழுந்து செத்துபோடுது. பூட்டு போட்டது போட்டபடி இருக்குதுங்க. புள்ளைக்குக்கூடத் தெரியாம நானே பொதைச்சுட்டு இருக்கறனுங்க."

துப்பறிவாளர் ஜெரோம் எழுவதற்குள், உதவியாளர் மதிவதனி கார் சாவியுடன் வாசலில் நின்றாள்.

கொட்டகையில் சத்தமே இல்லை. கோழிகள் கோணிய கால்களை ஊன்றி நடந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குக் கால் பின்னால் மடங்கியிருந்தது; அப்படியே அவர்களை நோக்கி வந்தது. மதிவதனி ஓரடி பின்வாங்கினாள்.

ஜெரோம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் வலது கால்ல ஊசித் தடம்."

"இதுக்கு இடது கால்தானே நொண்டி, சார்?"

"அதுவும் நடக்குது, பாருங்க." செத்துக் கிடந்த ஒன்றின் காலை அவர் கீறினார். ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. "கொட்டகைச் சாவி எங்கீங்க இருக்கும்?"

"ஊட்டுல ஆணியிலதானுங்க. நானும் எம்பொண்ணு ரித்திகாவுந்தான் இருக்கறம். வாலிபால் ஆடறவ. குதிகால் ஜவ்வு கிழிஞ்சு, கட்டை ஊனி நடக்கறாளுங்க."

"எந்தக் கால்?"

வெள்ளியங்கிரி கொட்டகைக்கு எதிரே இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "வலதுங்க."

"வைத்தியம் பார்க்கறவங்க நொண்டற கால்லதான் ஊசி போடுவாங்க. உங்க பொண்ணு தனக்குப் போடப்போற இடத்துல போட்டுப் பார்த்திருக்காங்க."

"ஜவ்வு சீக்கிரம் ஆறணும்னு விளையாடறவங்க ஆன்லைன்ல பெப்டைடுன்னு ஒரு ஊசி மருந்து வாங்கறாங்க சார். அதுவாத்தான் இருக்கும்," என்றாள் மதிவதனி. "ஆனா மருந்து வேலை செஞ்சிருக்கே?"

"வலது கால்ல போட்டா இடது கால் ஒரே ராத்திரியில ஆறுமா? குப்பியில என்ன பேர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கறது வலியை மறைக்கற ஏதோ ஒண்ணு. வலி தெரியாததால நடந்து, மிச்ச ஜவ்வையும் கோழிக அறுத்துக்கிச்சு. மருந்தோட அளவும் கோழி உடம்புக்குத் தாங்கல, செத்துப்போச்சு."

அப்போது வீட்டுப் படியில் ரித்திகா இறங்கி வந்தாள். கையில் கட்டை இல்லை. நொண்டவும் இல்லை.

"அம்மணி, அப்படியே நில்லுங்க," என்றார் ஜெரோம். "அந்தக் காலைக் கீழ வெக்காதீங்க."

"வலியே இல்லைங்களே."

"அதனாலதான் சொல்றேன்."

வெள்ளியங்கிரி ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டார். ஸ்கேனில், ஜவ்வு நூலளவே மிஞ்சியிருந்தது தெரிந்தது. இன்னும் நாலடி நடந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சைக்குள் போகும்முன் ரித்திகா அப்பாவின் கையைப் பிடித்தாள். "கோழிக நடந்ததைப் பார்த்துத்தான் தைரியமாப் போட்டேன்ப்பா. அப்புறம் அதுகளைக் காணோமே, வித்துட்டீங்களா?"

கோழிகளை ஒவ்வொன்றாகப் புதைத்த அந்தக் கையை அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.